காண்டாக்ட் லென்ஸ் போடும் முன் ஏன் இத்தனை கேள்விகள்?

மம்பாவ் - திருமணம், பட்டமளிப்பு விழா, கோயில் திருவிழாவில் நடன அரங்கேற்றம் என்று ஏதாவது ஒன்று நெருங்கும்போதுதான் பலருக்கு காண்டாக்ட் லென்ஸ் நினைவுக்கு வருகிறது. மூக்குக்கண்ணாடியோடு படம் எடுக்க மனம் வருவதில்லை. சிரம்பானில் உள்ள கண்ணாடிக் கடைக்குப் போய் "ஒரு ஜோடி லென்ஸ் கொடுங்க" என்று கேட்டால், முறையான கடையாக இருந்தால் லென்ஸ் உடனே கைக்கு வராது. முதலில் கேள்விகள்தான் வரும். என்ன வேலை செய்கிறீர்கள்? இனிப்பு நீர் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கண்ணில் எப்போதாவது அடிபட்டதா? வீட்டில் எந்தத் தண்ணீரில் முகம் கழுவுகிறீர்கள்?

"லென்ஸ் வாங்க வந்தால் குடும்பக் கதையையே கேட்கிறாரே" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கேள்வி கேட்காத இடமாகப் பார்த்து, பாசார் மாலாமிலோ இயங்கலையிலோ வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. ஆனால், அந்த 10, 15 நிமிடக் கேள்விகள் லென்ஸ் பொருத்தும் வேலையில் பாதி. கருவியால் கருவிழியின் வளைவை அளக்கலாம். கண்ணாடியின் பவரைக் கணிக்கலாம். அந்தக் கண்ணுக்கு உரியவர் நாளை காலையில் செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கப் போகிறார் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அவரே சொன்னால்தான் தெரியும்.

மம்பாவ், ரந்தாவ், சிலியாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கும், அங்கிருந்து சிரம்பான், செனவாங், நீலாய் பக்கம் வேலைக்குப் போய் வருபவர்களுக்கும் இந்தக் கேள்விகள் ஏன் கேட்கப்படுகின்றன, எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

லென்ஸ் எங்கே உட்காருகிறது?

கண்ணின் முன்புறத்தில் தெளிந்த கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கிறது. அதைக் கருவிழிப்படலம் என்பார்கள். நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அது தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் அதில் ரத்தக்குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது வெளிக்காற்றிலிருந்து, கண்ணீரின் வழியாகவே பெற்றுக்கொள்கிறது.

காண்டாக்ட் லென்ஸ் அந்தக் கண்ணீர்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஆகவே, காற்றுக்கும் கருவிழிப்படலத்துக்கும் நடுவே அது ஒரு தடுப்பு. கண் விழித்திருக்கும்போது காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் கிடைக்கிறது. இமை மூடித் தூங்கும்போது அது ஏறத்தாழ 8 விழுக்காட்டு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் லென்ஸும் உள்ளே இருந்தால் படலம் மூச்சுத் திணறுகிறது, லேசாக வீங்குகிறது. மேல்தோலில் சிறு கீறல் ஏற்பட்டாலும் அது கிருமி நுழைய வாசலாகிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. மென்லென்ஸைப் பகலில் மட்டும் அணிந்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு ஏறத்தாழ 2 பேருக்குக் கருவிழியில் கிருமித்தொற்றுப் புண் வந்தது. தூக்கத்திலும் அணிந்தவர்களில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 20. லென்ஸ் ஒன்றுதான். பழக்கம்தான் வேறு. பழக்கத்தைத் தெரிந்துகொள்ளக் கேட்டே ஆக வேண்டும்.

செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஒட்டோ விக்டெர்லே 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில், தம் வீட்டுச் சமையலறையில் குழந்தைகளின் விளையாட்டுக் கட்டுமானச் சாமான்களைக் கொண்டு ஒரு சிறு சுழல்கருவி செய்து, மென்லென்ஸை வார்த்தெடுத்தார். அதற்கு முன்னர் இருந்தவை கண்ணாடியாலும் கடின பிளாஸ்டிக்காலும் ஆன லென்ஸ்கள். அவை உறுத்தும் என்பதால் எல்லாரும் போடத் துணியவில்லை. மென்லென்ஸ் வந்த பிறகு உறுத்தல் குறைந்தது. கூடவே பயமும் குறைந்தது. இன்று அதை ஒரு தோடு, வளையல்போல நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூரில் கேள்விகள் கண்டுபிடித்த உண்மை

கேள்வி கேட்பதால் என்ன பயன் என்று சந்தேகம் இருந்தால், பக்கத்து நாட்டில் நடந்ததைப் பார்க்கலாம்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர்க் கண் மருத்துவர்களிடம், கருவிழியில் பூஞ்சைப் புண்ணோடு இளைஞர்கள் வரத் தொடங்கினர். ஃபுசாரியம் என்ற அந்தப் பூஞ்சை மண்ணிலும் செடியிலும் இருப்பது. வயலில், தோட்டத்தில் கண்ணில் அடிபட்டவர்களுக்கு வருவதுதான் வழக்கம். இவர்களோ விவசாயிகள் அல்லர். மாடி வீட்டில் குடியிருந்து, அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் போய் வருகிறவர்கள். சராசரி வயது 27.

மருத்துவர்கள் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விசாரித்தார்கள். லென்ஸ் அணிவீர்களா? எந்த வகை? எத்தனை மணி நேரம்? தூங்கும்போது கழற்றுவீர்களா? எந்தக் கரைசலில் ஊறவைக்கிறீர்கள்? 2005 மார்ச் முதல் 2006 மே வரை கண்டறியப்பட்ட 66 பேரின் பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. ஒருவரைத் தவிர எல்லாரும் மென்லென்ஸ் அணிந்தவர்கள். 62 பேர் பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனத்தின் ரீநியூ வகைக் கரைசலைப் பயன்படுத்தியவர்கள். அவர்களில் 42 பேர், 'மாய்ஸ்சர்லாக்' என்ற குறிப்பிட்ட வகையின் பெயரையே நினைவுபடுத்திச் சொன்னார்கள். மாற்ற வேண்டிய தேதி கடந்தும் அதே லென்ஸைப் போட்டவர்கள் ஏறத்தாழ 44 விழுக்காடு. பகல் லென்ஸைப் போட்டபடி தூங்கியவர்கள் ஏறத்தாழ 20 விழுக்காடு. 5 பேருக்கு அவசரமாகக் கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே உறுதி செய்யப்பட்ட 164 பேரில் 55 பேருக்குக் கருவிழி மாற்று சிகிச்சை செய்யப்பட்டது, அல்லது செய்யத் திட்டமிடப்பட்டது. 2006 மே மாதம் அந்தக் கரைசல் உலகம் முழுவதும் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. திறக்காத புட்டிகளில் பூஞ்சை இருக்கவில்லை. கரைசல் டப்பாவில் காய்ந்து, பழையதன் மேல் புதியது ஊற்றப்படும்போது பூஞ்சையைக் கொல்லும் திறன் குறைந்ததைப் பின்னர் வந்த ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூஞ்சையை நுண்ணோக்கி காட்டிக்கொடுத்தது. ஆனால் அது எந்த வழியில் கண்ணுக்குள் வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது நோயாளிகள் சொன்ன பதில். "ஏதோ ஒரு தண்ணி" என்று எல்லாரும் சொல்லியிருந்தால் அந்தக் கரைசல் இன்னும் பல மாதங்கள் கடைகளில் இருந்திருக்கும்.

கண்ணைப் பற்றிய கேள்விகள்

முதல் கேள்வி பெரும்பாலும் 'எதற்காக லென்ஸ் வேண்டும்?' என்பதாக இருக்கும். வாரம் ஒரு முறை காற்பந்து விளையாட என்றால் ஒரு நாள் அணிந்து எறியும் லென்ஸ் போதும். ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகம் என்றால் லென்ஸ் அழகுக்கு மட்டும் அல்ல, பார்வைக்கே நல்லது. திருமண நாள் ஒன்றுக்கு மட்டும் என்றால் அதற்கேற்ப யோசனை சொல்வார்கள்.

அடுத்தது, 'முன்பு போட்டிருக்கிறீர்களா? ஏன் நிறுத்தினீர்கள்?' பலர் வெட்கப்பட்டு மறைப்பது இதைத்தான். கண் சிவந்து வலித்ததால் நிறுத்தினேன் என்பது மிக முக்கியமான தகவல். அந்தச் சிவப்பு எத்தனை நாள் இருந்தது, எந்தச் சொட்டு மருந்து போட்டீர்கள் என்று தொடர்ந்து கேட்பார்கள்.

கண்ணில் முன்பு அடிபட்டதா, அறுவை நடந்ததா, அக்கி வைரஸ் கண்ணில் வந்து போனதா என்பதும் கேட்கப்படும். தோட்டத்துக் கண்ணுக்கு இந்தக் கேள்வி பெரியது. மதுரையில் 1994ஆம் ஆண்டின் முதல் 3 மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்ததில், அவர்களில் 65 விழுக்காட்டினருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது. பெரும்பாலும் வயல்வேலையில் பட்ட அடிதான். இங்கேயும் செம்பனைக் குலை வெட்டும்போது தூசியும் முள்ளும் கண்ணில் விழுவது புதிதல்ல. 'அது அப்பவே சரியாப் போச்சு' என்று விட்டுவிட்ட அந்த அடி, கருவிழியில் தழும்பை விட்டுவைத்திருக்கலாம். அந்த இடத்தில் லென்ஸ் சரியாக உட்காராது.

'கண்ணை அடிக்கடி கசக்குவீர்களா? கண்ணாடி பவர் அடிக்கடி மாறுகிறதா?' என்ற கேள்வியும் சாதாரணமானது அல்ல. கருவிழி மெலிந்து கூம்புபோல முன்தள்ளும் ஒரு நோய் இருக்கிறது. பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் தொடங்குவது. கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவருக்குச் சாதாரண மென்லென்ஸ் பார்வை தராது. கடின வகை லென்ஸ்தான் வேண்டும். கண் மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும்.

இன்னொரு கேள்வியைப் பலர் எதிர்பார்ப்பதில்லை: 'இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறதா?' சிறுவயதிலிருந்தே ஒரு கண் மங்கலாக இருப்பவர் உண்டு. அவருக்கு நம்பிக்கை ஒரே கண்தான். அந்தக் கண்ணில் தொற்று வந்தால் திரும்பிப் பார்க்க இன்னொரு கண் இல்லை. அப்படிப்பட்டவருக்குக் கண்ணாடியே பாதுகாப்பு என்று சொல்லி அனுப்புவதும் நல்ல ஆலோசனைதான்.

உடம்பைப் பற்றிய கேள்விகள்

கண்ணுக்கு லென்ஸ் கேட்டால் உடம்பைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்? கண்ணீரும் காயம் ஆறுவதும் உடம்பைச் சார்ந்தவை என்பதால்தான்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கருவிழியின் உணர்ச்சி குறையலாம். லென்ஸ் கீறினாலும் வலி தெரியாது. வலி தெரியாததால் கழற்ற மாட்டார்கள். கீறல் ஆறவும் நாள் எடுக்கும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறத்தாழ மூவரில் ஒருவர். ஆகவே ஓர் இந்தியரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் லென்ஸ் கொடுப்பது பெரிய கவனக்குறைவு.

கேள்வியைக் கேட்கும் விதமும் முக்கியம். "இனிப்பு நீர் இருக்காம்மா?" என்று கேட்டால், "இல்லை தம்பி" என்று பதில் வரும். "காலையில என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், "பிரஷருக்கு ஒண்ணு, இனிப்பு நீருக்கு ரெண்டு" என்று பதில் வரும். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுவதால் நோய் அடங்கிவிட்டது, அதனால் இல்லை என்று நினைக்கிறார். அனுபவமுள்ளவர்கள் நோயின் பெயரையும் கேட்பார்கள், மாத்திரையையும் கேட்பார்கள். கிளினிக் கெசிஹாத்தானில் கொடுத்த குறிப்பேட்டையோ மாத்திரை அட்டையையோ கையில் எடுத்துப் போனால் இந்தக் குழப்பமே வராது.

தைராய்டு கோளாறு, முடக்குவாதம் ஆகியவை கண்ணைக் காயவைக்கக்கூடியவை. கர்ப்பக் காலத்தில் கருவிழியின் வளைவும் கண்ணீரும் சற்று மாறலாம். அதனால் குழந்தை பிறந்த பிறகு புதிய லென்ஸ் பொருத்தலாம் என்று சொல்வார்கள். நாற்பதைத் தாண்டியவர்களிடம் கிட்டத்தில் படிக்க முடிகிறதா என்று கேட்பார்கள். தூரத்துக்கு லென்ஸ் போட்டுவிட்டு, கைப்பேசியைப் பார்க்க வேறு கண்ணாடி தேட வேண்டியிருந்தால், 'லென்ஸ் சரியில்லை' என்ற கோபம்தான் மிஞ்சும்.

மருந்துகளில் கவனிக்க வேண்டியவை சில. சளி, அரிப்பு, தும்மலுக்கு மருந்தகத்தில் வாங்கும் ஒவ்வாமை மாத்திரைகள் கண்ணீரைக் குறைக்கும். கடுமையான முகப்பருவுக்குத் தோல் மருத்துவர் கொடுக்கும் ஐசோட்ரெடினோயின் மாத்திரையும் கண்ணைக் காயவைக்கும். அழகுக்கு லென்ஸ் கேட்கும் இளவயதினரில் சிலர் அந்த மாத்திரையையும் சாப்பிடுவார்கள் என்பதால் இதைக் கேட்டாக வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கண்ணீரையே செம்மஞ்சள் நிறமாக்கும். மென்லென்ஸில் அந்தக் கறை பிடித்தால் போகாது.

நாட்டு மருந்தையும் சொல்ல வேண்டும். கண் சிவந்தால் தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவது, தேன் விடுவது, பக்கத்து வீட்டில் மீந்த சொட்டு மருந்தை வாங்கிப் போடுவது எல்லாம் நம் வீடுகளில் நடப்பவை. அதைச் சொன்னால் திட்டுவார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம். மீந்த சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பு மட்டும் மறையும், உள்ளே தொற்று வளரும். கண் வெள்ளையாகத் தெரிவதை நம்பி லென்ஸ் போடுவது அப்போது ஆபத்து.

வேலை, தண்ணீர், வீடு

தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் விரிவாகச் சொல்ல வேண்டிய பகுதி இது.

பூச்சிமருந்து, களைக்கொல்லி தெளிப்பவர் வேலை நேரத்தில் லென்ஸ் போடக்கூடாது. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் மற்ற களைக்கொல்லிகள் கண்ணுக்கு நல்லவை ஆகிவிடாது. சாரல் கண்ணில் பட்டால் மருந்து லென்ஸுக்கு அடியில் தங்கிவிடும். பால்மரத் தோட்டத்திலும் ரப்பர்ப்பால் கூடத்திலும் பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியா ஆவியும் கண்ணைச் சுடும். கண்ணில் ஏதாவது தெறித்துவிட்டால், உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கழுவியபடியே லென்ஸைக் கழற்ற வேண்டும். லென்ஸைக் கழற்றுவதற்காகக் கழுவுவதைத் தள்ளிப்போடக் கூடாது. பிறகு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். லென்ஸ் போட்டிருப்பதால் பாதுகாப்புக் கண்ணாடி தேவையில்லை என்று நினைப்பது முற்றிலும் தவறு.

தொழிற்சாலையில் வேலை செய்பவர்களின் நிலை வேறு. குளிரூட்டிய அறையில் 12 மணி நேர இரவு வேலை, கண் காய்ந்துபோகும். வேலை முடிந்து பேருந்தில் வரும்போதே தூங்கிவிடுவார்கள், லென்ஸ் உள்ளேயே இருக்கும். 'நான் லென்ஸோடு தூங்குவதில்லை' என்று சொல்பவரும் பேருந்துத் தூக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் முகக்கண்ணாடி இல்லாத தலைக்கவசத்தோடு போகிறவருக்குத் தூசி பெரும் தொல்லை. புகைமூட்டக் காலத்தில் எல்லாருக்குமே கண்ணாடிதான் நல்லது.

தண்ணீரைப் பற்றிய கேள்வி சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் காரணம் பெரியது. குழாய்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர், கிணறு, ஆறு, நீச்சல்குளம் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கக்கூடும். அது கருவிழியில் நுழைந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், வலியும் தாங்க முடியாது. அமெரிக்காவில் 1980களில் இந்த நோய் கூடியபோது, உப்பு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் கரைசல் தயாரித்தது ஒரு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அதையும் வெளியே கொண்டுவந்தது 'கரைசலை எப்படிச் செய்கிறீர்கள்?' என்ற ஒரு கேள்விதான். வீட்டில் உப்புத் தண்ணீர் காய்ச்சி ஊறவைப்பவர், மினரல் வாட்டரில் அலசுபவர், அவசரத்துக்கு எச்சிலில் நனைத்துப் போடுபவர் எல்லாரும் இதை யோசிக்க வேண்டும். லென்ஸ் போட்டபடியே குளிப்பவரும், விடுமுறை நாளில் போர்ட்டிக்சன் கடலில் இறங்குபவரும் அதைச் சொல்ல வேண்டும்.

கைகளையும் பார்ப்பார்கள். தோட்ட வேலையில் வெடித்துப்போன விரலாலும், நீண்ட நகத்தாலும் மெல்லிய லென்ஸைக் கையாள்வது கடினம். மிளகாய், மஞ்சள், இஞ்சி நறுக்கிய கையோடு லென்ஸைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகுதான் தொட வேண்டும். திருநீறு இட்டுக்கொள்பவர்கள், கண்மை தீட்டுபவர்கள் எந்த வரிசையில் செய்கிறார்கள் என்றும் கேட்பார்கள். லென்ஸ் முதலில், ஒப்பனை பிறகு. கழற்றும்போதும் லென்ஸ் முதலில், ஒப்பனை பிறகு. திருநீறு பூசும்போது கண்ணை மூடிக்கொண்டு, உதிர்ந்ததை துடைத்துவிட்டுத் திறந்தால் போதும்.

யார் முன்னால் பதில் சொல்வது?

சில கேள்விகளுக்கு அம்மா, அப்பா பக்கத்தில் இருக்கும்போது பதில் வராது. கர்ப்பத்தடை மாத்திரை, காசநோய், தோழியின் கலர் லென்ஸை வாங்கிப் போட்டது ஆகியவை அப்படிப்பட்டவை. மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கும்போது, பாட்டிக்காகப் பேரப்பிள்ளை பதில் சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகும். தமிழ் பேசத் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. 'இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்' என்று கேட்பதும் உங்கள் உரிமை. பெற்றோரும் 5 நிமிடம் வெளியே இருந்து பிள்ளைக்கு வழிவிடலாம். இந்தப் பதில்கள் ஏட்டில் குறித்து வைக்கப்படுவது உங்களைக் குறை சொல்ல அல்ல. 6 மாதம் கழித்துக் கண் சிவந்து வந்தால், அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று பார்ப்பதற்குத்தான்.

பதிலைப் பொறுத்து முடிவு

கேள்விகள் முடிந்த பிறகு மூன்று விதமான முடிவு வரலாம். ஒன்று, போடலாம். இரண்டாவது, இப்போது வேண்டாம், முதலில் கண் காய்ச்சலையோ, கண்ணின் வறட்சியையோ, சர்க்கரை அளவையோ சரி செய்துகொண்டு வாருங்கள். மூன்றாவது, உங்களுக்குக் கண்ணாடிதான் நல்லது. மூன்றாவது பதிலைச் சொல்லும் கடைக்காரர் தம் வியாபாரத்தை இழந்து உங்கள் கண்ணைக் காக்கிறார். அவரிடம் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய், அங்கே பதிலை மாற்றிச் சொல்வதால் நட்டம் அவருக்கு அல்ல.

போடலாம் என்றால் அதன் பிறகே அளவெடுப்பு. கண்ணாடிச் சீட்டைக் காட்டி அதே பவரில் லென்ஸ் கேட்கக் கூடாது. கண்ணாடி கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது, லென்ஸ் கண்ணிலேயே இருக்கிறது. அதனால் பவர் 4.00க்கு மேல் போகும்போது கணக்கு மாறும். கண்ணாடியில் மைனஸ் 6.00 உள்ளவருக்கு லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 5.50 வரும். வளைவும் விட்டமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். மாதிரி லென்ஸைப் போட்டுப் பார்த்து, அது கண் சிமிட்டும்போது சரியாக நகர்கிறதா என்று கருவியில் பார்ப்பார்கள். போடவும் கழற்றவும் உங்கள் கையாலேயே செய்து காட்டச் சொல்வார்கள்.

பவர் இல்லாத கலர் லென்ஸுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பவர் இல்லை என்றாலும் அது உட்காரும் இடம் அதே கருவிழிதான். நம் நாட்டில் 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டம், அதாவது சட்டம் 469, காண்டாக்ட் லென்ஸை அதற்குத் தகுதி பெற்றுப் பதிவு செய்துகொண்டவர்களே கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பதிவை மலேசிய ஒளியியல் மன்றம் கவனிக்கிறது. அமெரிக்காவிலும் 2005ஆம் ஆண்டு முதல், கலர் லென்ஸ் உட்பட எல்லாக் காண்டாக்ட் லென்ஸும் மருத்துவச் சாதனம் என்றே சட்டம் சொல்கிறது. 'கந்தா லெகாப்' என்று பலகை மாட்டிய எல்லாக் கடையிலும் தகுதி பெற்றவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது பயனீட்டாளரின் கடமை. மணப்பெண்ணுக்கு ஒப்பனைக்காரர் தம் பெட்டியிலிருந்து லென்ஸ் எடுத்துக் கொடுத்தால் வாங்கிப் போட வேண்டாம். அது முன்பு யார் கண்ணில் இருந்ததோ தெரியாது. திருமணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே முறையாகப் பரிசோதித்து வாங்கி, சில நாள் போட்டுப் பழகிக்கொள்வதே நல்லது.

போகும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

இப்போது அணியும் கண்ணாடி, பழைய லென்ஸ் இருந்தால் அதன் பெட்டி, பயன்படுத்தும் கரைசல் புட்டி, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, கண்ணில் விடும் சொட்டு மருந்து, கிளினிக் குறிப்பேடு ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 42 பேர் புட்டியின் பெயரைச் சொன்னதுபோல, உங்கள் புட்டியின் பெயரும் ஒரு நாள் தேவைப்படலாம். ஒரு தாளில், செய்யும் வேலை, வேலை நேரம், கண்ணில் பட்ட அடி, ஒவ்வாமை, குடும்பத்தில் உள்ள கண் நோய் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதி எடுத்துப் போகலாம்.

லென்ஸ் போடத் தொடங்கிய பிறகும் இந்தக் கேள்விகள் முடிவதில்லை. வேலை மாறினால், புதிய மாத்திரை தொடங்கினால், கர்ப்பம் தரித்தால் மறுபடியும் போய்ச் சொல்ல வேண்டும்.

கண் சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே லென்ஸைக் கழற்றுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மம்பாவ் வட்டாரத்தில் இருப்பவர்கள் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே கண் பிரிவு உண்டு. கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் எறிந்துவிடாமல் கையோடு கொண்டு போங்கள். எந்தக் கிருமி என்பதை அதிலிருந்தே கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. அங்கேயும் முதலில் கேள்விகள்தான் வரும். எந்த லென்ஸ், எத்தனை நாள், தூங்கினீர்களா, எந்தத் தண்ணீர் பட்டது என்று கேட்பார்கள். நடந்ததை நடந்தபடியே சொன்னால், மருத்துவர் சரியான மருந்தை முதல் நாளிலேயே தொடங்க முடியும்.